வீட்டிற்கு வந்த வெருகு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

"ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?" என்று தோழியர் கேட்டனர். "பூனையைப் பற்றி" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். விண்வெளி, மரபணுப் பொறியியல், புவி வெப்பமாதல் என்று பெரும்பொருள்கள் நிறைந்த மலரில் பூனைக்கு இடம் ஏது என்பது அவர்கள் ஐயம். நான் என்ன செய்வது? கடந்த ஓராண்டில் நான் கற்ற விலங்கியலில் பாதியை எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பூனையிடம்தான் கற்றேன். எலி பிடிக்கும் பூனையைக் கோழிக்குஞ்சு பிடிக்காமல் வைத்திருக்க முடியுமா என்ற ஒரு கேள்வியில் எங்கள் வீட்டுச் சமாதானமும் என் தேர்வுக் கட்டணமும் ஒரு மாதகாலம் தொங்கிக் கொண்டிருந்தன. அந்தக் கதையையும், அதற்காக நான் தேடிப் படித்தவற்றையும் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

வந்த கதை

சென்ற ஐப்பசி மாதம். மழை விட்டும் விடாத ஒரு மாலைப் பொழுது. கொள்ளிடக் கரையிலுள்ள எங்கள் ஊருக்குப் பேருந்து வரக் காத்திருந்தேன். நிறுத்தத்தை அடுத்த சாக்கடை ஓரத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று பின்புறமாகவே நடந்து கொண்டிருந்தது. அருகே சென்று பார்த்தால், அதன் தலை முழுவதும் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவுக்குள் சிக்கியிருந்தது. மூச்சு டப்பாவின் உட்புறத்தில் ஆவியாய்ப் படிந்திருந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, பூனையைத் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்து, டப்பாவின் வாயை வெட்டி எடுத்தேன். அதற்குக் கைம்மாறாக அது என் இடக்கையில் நான்கு கீறல்களைத் தந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூனைக் கீறல்தானே என்று பலரும் மஞ்சளை அப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெறிநோய் நாயினால் மட்டும் வருவதன்று. அந்நோய் கண்ட பாலூட்டி எதுவும் அதைப் பரப்பும். கீறலையோ கடியையோ ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அடுத்து அரசு மருத்துவமனைக்குச் சென்று 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலினுள் இடப்படும் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். 28-ஆம் நாள் ஊசியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருப்பேன், அப்பா நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். அப்பாவுக்கு எழுத்துகள் தெரியாது, எண்கள் தெரியும்.

பூனை நிற்க முடியாமல் சாய்ந்தது. எத்தனை நாள் பட்டினியோ? துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பையைப் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அதன் வாயைத் திறந்து பார்க்க முடிந்தது. பூனைக் குட்டிக்குப் பால் பற்கள் 26. வளர்ந்த பூனைக்கு நிலைத்த பற்கள் 30. ஏறத்தாழ ஆறு மாதத்திற்குள் பற்கள் மாறிவிடும். இதற்குக் கோரைப்பற்கள் முழுதாக வளர்ந்து, கறை ஏதும் இன்றி வெண்மையாக இருந்தன. ஆகவே ஆறு மாதம் கடந்தது, ஓராண்டுக்கு உட்பட்டது என்று கணித்தேன். பெண் பூனை.

பழக்குதல்

தெருப் பூனையை வீட்டிற்குக் கொண்டு வருபவர்கள் செய்யும் முதல் தவறு, முதல் நாளே மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவது. நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். அது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்து இரண்டு நாள் வெளியே வரவில்லை.

எங்கள் விலங்கியல் பேராசிரியை அவர்களிடம் சொன்னபோது, "பூனைக்கு முதலில் வேண்டுவது இடம், ஆள் பிறகுதான்" என்றார். அதன்படி, வீடு முழுவதையும் காட்டாமல், விறகும் நெல் மூட்டையும் கிடக்கும் பின்கட்டு ஒன்றையே அதற்கு ஒதுக்கினோம். ஓர் அட்டைப் பெட்டியில் வாயில் ஒன்று வெட்டி, அம்மாவின் பழைய நூல் சேலையை உள்ளே விரித்தேன். பெட்டி மூலையில், சுவரை ஒட்டி. பூனைக்கு முதுகுப்புறம் மறைவாகவும் முன்புறம் பார்வை திறந்தும் இருக்க வேண்டும். அது வேட்டை விலங்குதான் என்றாலும் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும்கூட. ஒளிந்திருக்க இடமுள்ள பூனையே துணிந்து வெளியே வரும். அந்தச் சேலையை மூன்று வாரம் துவைக்க விடவில்லை. பூனைகளின் கன்னத்திலும் தாடையிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. அவற்றைத் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தை ஓரிடத்தில் பூசிய பிறகே அவ்விடம் அதற்குச் சொந்தமாகிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உடைந்த அலுமினியத் தாம்பாளம் ஒன்றில் உலர்ந்த ஆற்று மணல் இட்டு எதிர் மூலையில் வைத்தோம். உணவும் கழிவிடமும் அருகருகே இருந்தால் பூனை இரண்டில் ஒன்றைப் புறக்கணிக்கும். மண்ணைத் தோண்டிப் புதைக்கும் வழக்கம் அதற்கு இயல்பிலேயே இருப்பதால், இதைக் கற்பிக்க நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த மணலை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஓரணு உயிரியின் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளிவரலாம். வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குப் பிறகே அவை தொற்றும் நிலையை அடைகின்றன. நாள்தோறும் அள்ளினால் அதற்கு வாய்ப்பில்லை. கருவுற்ற பெண்கள் மட்டும் இவ்வேலையைத் தொடாதிருத்தல் நலம்.

நிற்க. ஒரு பூனை மனிதருடன் பழகுமா என்பது பெரும்பாலும் அதன் குட்டிப் பருவத்தில் இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையான காலத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் என்பவர் 1980-களில் நடத்திய ஆய்வுகள் காட்டின. அக்காலத்தில் மனிதக் கை படாத பூனை பிற்பாடு பழகுவது மிக அரிது. எங்கள் பூனை பேருந்து நிறுத்தத்தில், டீக்கடைக் காலடிகளுக்கிடையே வளர்ந்தது. யாரோ ஒருவர் அதற்குப் பன் பிய்த்துப் போட்டிருக்க வேண்டும். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதன் பின் நான் செய்ததெல்லாம் நாள்தோறும் மாலையில் பின்கட்டில் பூனையைப் பாராமல் அமர்ந்து பாடத்தை உரக்கப் படித்ததுதான். உற்று நோக்குவது பூனைகளின் மொழியில் சண்டைக்கு அழைப்பு. கரப்பானின் நரம்பு மண்டலத்தை எனக்கு முன்னால் அதுதான் மனப்பாடம் செய்திருக்கும். ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து தலை வந்தது. எட்டாம் நாள் என் புத்தகத்தின் ஓரத்தில் கன்னத்தைத் தேய்த்தது. ஒருநாள் என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. நானும் அவ்வாறே செய்தேன். "இது ரெண்டுக்கும் தூக்கம் வந்துடுச்சு" என்றார் அம்மா. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதர் மெல்லக் கண் மூடித் திறந்தால் பூனையும் திரும்ப அவ்வாறே செய்கிறது, அறிமுகமற்றவராயினும் அவரை நெருங்கி வரத் தயங்குவது குறைகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்டனர்.

வெளியே விடுவதற்கு முன், கார்த்திகையில், அரசு கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக் கருத்தடை அறுவையும் செய்வித்தோம். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே கருத்தரிக்கக் கூடியது. கர்ப்பகாலம் ஏறத்தாழ 65 நாள்தான். நம் நாடு போன்ற வெப்பமான இடங்களில் ஆண்டு முழுவதும் ஈனும். "அறுத்துப்புட்டா எலி புடிக்குமா?" என்று அம்மா கேட்டார். அறுவையால் இனப்பெருக்கம் நிற்கும், அலைச்சல் குறையும், வேட்டை நிற்காது. பின்னால் அந்த உண்மையே எனக்கு வினையாக முடிந்தது!

அறுவைக்குப் பின் அது சோர்ந்து கிடந்தபோது அக்கம்பக்கத்தார் ஒருவர் அன்புடன் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொண்டு வந்தார். நல்ல வேளை, பேராசிரியை முன்பே எச்சரித்திருந்தார். நாம் உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகக் கூடும். அன்பு ஒன்றே போதாது என்பதை அன்று உணர்ந்தேன்.

குஞ்சுகள் காணாமற் போன கதை

மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் பூனைக்கு ராஜ மரியாதை. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலிகள் வீடுகளை நோக்கி வந்தன. நெல் மூட்டைகளில் ஓட்டை விழுவது குறைந்ததாக அம்மா சொன்னார். சகுனம் பார்க்கும் பாட்டிகூட, "தெனம் குறுக்க போற பூனைக்கு என்ன சகுனம்?" என்று சமாதானம் ஆகிவிட்டார்.

மாசியில் எங்கள் வெள்ளைக் கோழி 11 குஞ்சு பொரித்தது. பத்து நாளுக்குள் ஆறு மிஞ்சின.

நாட்டுக்கோழி எங்களுக்கு அழகுக்கு வளர்ப்பதன்று. அப்பாவின் கூலி அரிசிக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பருவத் தேர்வுக் கட்டணம் இரண்டு முறையும் கோழி விற்ற பணம். அம்மா அதைச் சொல்லிக் காட்டுபவர் அல்லர். அன்றைக்குத்தான் சொன்னார்.

"ஏன்டி, கோழி வித்த காசுலதான் நீ பரீட்சைக்குப் பணம் கட்டுன. இந்தப் பூனை இனிமே இந்த வூட்டுல வேணாம். சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வரச் சொல்லு."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. வளர்ப்பு விலங்கை உணவின்றி வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்ல நா எழவில்லை. ஐந்து குஞ்சு போன வீட்டில் சட்டம் பேசுவது எப்படி?

அப்பாதான் குறுக்கிட்டார். "ஒரு மாசம் பாப்போம் புள்ள. பாப்பா படிச்ச படிப்பு எதுக்காச்சும் ஆவுதான்னு பாப்போம்" என்று அம்மாவிடம் சொன்னார். கேலியா, நம்பிக்கையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு மாதம்தான் எனக்குக் கிடைத்த தவணை.

பூனை ஏன் வேட்டையாடுகிறது?

பசித்தால் வேட்டையாடும், வயிறு நிறைந்தால் விட்டுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் சோற்றை இரட்டிப்பாக்கினேன். பயன் இல்லை. கல்லூரி நூலகத்துக் கணினியில் பேராசிரியை எடுத்துத் தந்த ஆய்வுரைகளைப் படித்த பின்பே காரணம் விளங்கிற்று.

1976-இல் ராபர்ட் ஆடமெக் என்பவர் ஒரு சோதனை செய்தார். பூனைகள் தமக்குப் பிடித்த உணவைத் தின்று கொண்டிருக்கும் போதே அருகில் ஓர் எலியை விட்டார். பூனைகள் உணவை விட்டு எழுந்து எலியைக் கொன்றன. கொன்ற எலியைத் தட்டருகே கொண்டு வந்து போட்டுவிட்டு, முன்பு விட்ட உணவையே தொடர்ந்து தின்றன! பசியும் வேட்டையும் பூனையின் மூளையில் வெவ்வேறு கதவுகள் என்று ஜெர்மானிய விலங்கு நடத்தையியலார் பால் லைஹௌசனும் விரிவாக எழுதியிருக்கிறார். பதுங்கல், பாய்ச்சல், பற்றல், பிடரிக் கடி என்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி உந்துதல் உண்டாம். காரணம் எண்ணிப் பார்த்தால் எளிது. சுண்டெலி உண்ணும் சிறு விலங்கு நாளொன்றுக்குப் பல இரை பிடித்தாக வேண்டும். பாய்ச்சல்களில் பலவும் வீணாகும். பசிக்கும்வரை காத்திருக்கும் பூனை பட்டினி கிடக்கும்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் அண்மைக் கிழக்கிலும் வாழும் பெலிஸ் லிபிக்கா என்னும் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர் 2004-இல் அறிவித்தனர். தானியம் சேர்த்த மனிதன், தானியத்தைத் தேடிய எலி, எலியைத் தேடிய பூனை. நம் பின்கட்டில் இன்றும் நடப்பது அதுவே. மாட்டையும் நாயையும் மனிதன் தன் வேலைக்கேற்பத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். பூனையை அவ்வாறு செய்யவில்லை. எலி பிடிக்கும் இயல்புக்காகவே அதை வீட்டில் வைத்துக்கொண்டோம். அந்த இயல்பு குஞ்சைக் கண்டால் மட்டும் தூங்க வேண்டும் என்று இப்போது எதிர்பார்க்கிறோம்.

வேட்டையின் நேரம் அந்தியும் விடியலும். இதை அறிய ஆய்வுக்கூடமே தேவையில்லை. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் ஓர் உவமை வைத்திருக்கிறார். மாலை வந்ததும் வேலியோரம் வெருகுகள் வர, வீட்டுக் கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி அது. வெருகு என்பது பூனை. காட்டுப்பூனையையும் கடுவனையும் குறிக்கும். தமிழ் வகுப்பில் அப்பாட்டைப் படித்தபோது எனக்கு உவமை மட்டும்தான் தெரிந்தது. மாசியில்தான் கோழியும் தெரிந்தது.

ஒரு மாதத் தவணை

முதலில் குற்றவாளி யார் என்று பார்க்க நினைத்தேன். சனி, ஞாயிறு இரு நாளும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு வேப்பமரத்திலிருந்து வல்லூறு ஒன்று இறங்கி, கோழிக்கும் எனக்கும் நடுவிலிருந்தே ஒரு குஞ்சைத் தூக்க முயன்றது. கோழி எகிறி அடித்தது. வல்லூறு வெறுங்காலோடு போயிற்று. அம்மாவும் பார்த்தார். முன்பு போன ஐந்தில் இரண்டைப் பூனை கவ்வியதைப் பாட்டி நேரில் கண்டிருக்கிறார். மற்ற மூன்றும் வல்லூறோ, காக்கையோ, கீரியோ, பூனையேதானோ? தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைத்தேன். அம்மா பூனையை மன்னிக்கவில்லை. ஆனால் "அஞ்சையும்" என்பதை விட்டு "ரெண்டை" என்று சொல்லத் தொடங்கினார். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

அப்பா சந்தையிலிருந்து சிறு வெண்கல மணி ஒன்று வாங்கி வந்து சணல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார். அன்றிலிருந்து பூனைக்கு 'மணி' என்று பெயர். மணியால் பயன் உண்டா? சில ஆய்வுகளில் உண்டு என்கிறார்கள், பின்னர் நான் குறிப்பிடப் போகும் 2021-ஆம் ஆண்டு ஆய்வில் பயன் ஒன்றும் தெரியவில்லை. பறவை மணியோசை கேட்டுப் பறக்கலாம். ஐந்து நாள் குஞ்சுக்கு மணியோசையின் பொருள் யார் சொல்லித் தருவார்? அதிலும் பதுங்கி வரும் பூனை, மணி ஒலிக்காமலே அடி வைப்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

மணி கட்டிய ஒன்பதாம் நாள் அதிகாலை, முள்வேலியில் அந்தச் சணல் கயிறு மாட்டிப் பூனை தொங்கிக் கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று கயிற்றுக்குள் நுழைந்திருந்ததால் கழுத்து முழுவதும் இறுகவில்லை. அருவாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கயிற்றை அறுத்தவர் அம்மா. அவிழாத கயிற்றைப் பூனையின் கழுத்தில் கட்டலாகாது. இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டையே கட்ட வேண்டும். எங்கள் ஊரில் அது கிடைப்பதில்லை. ஆகவே மணி போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

இனி அந்த ஆய்வுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்டது அது. தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவைத் தந்தபோது பூனைகள் வீட்டிற்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தைச் சுற்றிப் பளிச்சென்ற நிறத்துணி அணிவித்தபோது பறவைகள் மட்டும் 42 விழுக்காடு குறைந்தன. உணவைப் புதிர்ப் பெட்டியில் வைத்துத் தேடித் தின்னச் செய்தபோது வேட்டை 33 விழுக்காடு கூடிவிட்டது!

இறைச்சி உணவு எவ்வாறு வேட்டையைக் குறைக்கிறது? பசி தீர்ந்தாலும் தீராத குறை ஒன்று இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பூனை முற்றிலும் ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளைத் தன் உடலுக்குப் போதிய அளவில் அதனால் ஆக்கிக்கொள்ள இயலாது. உணவில் அது இல்லையேல் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளரும் என்று 1987-லும் கண்டறிந்தனர். கேரட்டிலுள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் தெரியாது. இனிப்புச் சுவையை அறியும் மரபணுவே அதனிடம் பழுதுபட்டுள்ளது. நாமோ பாலும் சோறும் பிசைந்து வைத்துவிட்டு, பூனைக்கு வயிறார வைத்தோம் என்று மகிழ்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதும் இல்லை.

எங்கள் வீட்டிலேயே வாரம் ஒருநாள்தான் மீன். பூனைக்கு நாள்தோறும் இறைச்சி என்றால் எங்கே போவது? கறிக்கடையில் கேட்டேன். கோழியின் தலை, இதயம், இரைப்பை ஆகியவற்றை மிகக் குறைந்த விலைக்குத் தந்தார். மீன்காரம்மா மத்தித் தலைகளைச் சும்மாவே தந்தார். இதயத்தில் டாரின் மிகுதி. பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்தேன். பச்சை மத்தியில் தயாமினைச் சிதைக்கும் நொதி உண்டு. டாரின் நீரில் கரைவதால் வெந்த நீரைக் கொட்டாமல் அதையும் சேர்த்தே வைத்தேன். ஈரலை வாரம் ஒருமுறைக்கு மேல் வைக்கவில்லை. வைட்டமின் ஏ மிகுந்தாலும் கேடு. உப்புக் கருவாட்டை நிறுத்திவிட்டேன்.

விளையாட்டுக்குச் செலவே இல்லை. தென்னை ஈர்க்கின் நுனியில் கந்தல் துணி நாடாவைக் கட்டினேன். கோழி இறகு கட்டலாம் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன், எதற்கு வம்பு? மாலை ஐந்தரைக்கும் விடிகாலையிலும் பத்துப் பத்து நிமிடம் அந்த நாடா சுண்டெலியாகத் தரையில் ஓடும், விறகிடுக்கில் நுழையும், நிற்கும், நடுங்கும். இறுதியில் அதைப் பிடிக்க விட்டுவிட வேண்டும். பிடிக்க விடாமல் ஏமாற்றினால் பூனை வெளியே போய் வேறொன்றைப் பிடிக்கும். பிடித்தவுடனே உணவு. வேட்டை, உணவு, நக்கித் துடைத்தல், உறக்கம் என்னும் வரிசை அவ்வாறு நிறைவுபெறுகிறது.

ஆயினும் குஞ்சுகளை உண்மையில் காத்தது இவற்றுள் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். காத்தது அப்பா மூங்கில் பிளாச்சில் புதிதாக முடைந்து தந்த பஞ்சாரம். விடிந்து வெயில் ஏறும்வரையிலும், மாலை நான்கரைக்கு மேலும் கோழியும் குஞ்சுகளும் பஞ்சாரத்துக்குள். நடுப்பகலில் அவை மேயும்போது மணி பின்கட்டில் உறங்கும். பூனை பகலில் பெரும்பொழுதும் உறங்கும் விலங்கு. இரண்டும் ஒரே முற்றத்தை வேறு வேறு வேளைகளில் ஆண்டன. இரவில் பூனை வீட்டுக்குள்ளேயே. எலியும் இரவில்தானே வருகிறது!

எண்களைச் சொல்லாவிட்டால் அறிவியல் மாணவிக்கு அழகில்லை. தவணைக்கு முந்திய 30 நாளில் மணி வீட்டிற்குக் கொண்டு வந்தவை என் குறிப்பேட்டின்படி எலியும் சுண்டெலியுமாக 14, ஓணான் 6, அணில் 2, சிட்டுக்குருவி 2. இவற்றோடு கோழிக்குஞ்சு 2. தவணையான 30 நாளில் எலி, சுண்டெலி 9, ஓணான் 4, அணில் 1. குருவியும் குஞ்சும் இல்லை. இதைக் கண்டு நான் துள்ளிக் குதித்தேன். பேராசிரியை மூன்று கேள்வி கேட்டார். ஒரே ஒரு பூனையா? ஒப்பிடுவதற்குப் பழைய முறையிலேயே வைத்த பூனை எங்கே? அறுவடை முடிந்து எலிகளின் வரவே குறைந்திருக்கலாமே? மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. மேலும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா கட்டிப் பார்த்தபோது, பிடித்த இரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே அவை வீட்டிற்குக் கொண்டு வந்தன என்று 2013-இல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே என் குறிப்பேடு மணியின் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே.

மணியின் எலி வேட்டையைப் பற்றி எனக்கிருந்த பெருமையும் சற்று அடங்கிற்று. நியூயார்க் நகரில் குப்பைக் கிடங்கு ஒன்றில் பூனைகளையும் பெரிய எலிகளையும் 79 நாள் கேமராவில் பார்த்தவர்கள், பூனைகள் கொன்ற எலி இரண்டே என்று 2018-இல் எழுதினர். வளர்ந்த பெரிய எலியோடு மோதப் பூனைக்கு விருப்பமில்லை. சுண்டெலியும் சிறு பறவையும் ஓணானும் போதும் அதற்கு. மணி பெருச்சாளியைக் கண்டால் இன்றும் விறகின் மேல் ஏறிக்கொள்கிறது.

குருவிகளுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் அமைத்தபோது பூனையும் உடன் சென்றது. அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த, பறக்க இயலாத சிறு குருவியினம் ஒன்று சில ஆண்டுகளிலேயே அற்றுப்போயிற்று. ஒரே பூனை ஓர் இனத்தை அழித்தது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். உண்மையில் தீவில் பெருகிவிட்ட பல பூனைகளின் வேலை அது என்று பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைகளால் மடிகின்றன என்று 2013-இல் மதிப்பிட்டார்கள். அதிலும் பெரும்பங்கு ஆளில்லாத பூனைகளுடையது. கருத்தடை செய்து வீட்டில் வைத்த ஒரு பூனை குறைந்தது பெருகாது. எங்கள் திண்ணையில் மின்மீட்டர் பெட்டியின் மேல் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுகள் பறக்கப் பழகும் அந்த மூன்று நான்கு நாள் மட்டும் பகலிலும் மணிக்குப் பின்கட்டுச் சிறை. அது கதவடியில் முன்னங்காலை நீட்டி நீட்டிக் கத்தும். கேளாதவள் போல் படித்துக் கொண்டிருப்பேன்.

அக்கம்பக்கத்தாரிடம் எலி மருந்து வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் சாகக்கூடும். இருவர் ஒப்புக்கொண்டனர். ஒருவர், "அப்ப உங்க பூனைய எங்க வூட்டுக்கும் அனுப்பு" என்றார். அனுப்பாமலே அது போய் வருகிறது.

தவணை முடிந்த நாளை அம்மா நினைவில் வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு குஞ்சுகளும் வளர்ந்தன. நான்கு சேவல், இரண்டு பெட்டை. சேவல்களில் மூன்றை விற்ற பணத்தில் இந்தப் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்று.

வெள்ளைக் கோழி மறுபடியும் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. 13 முட்டை. குஞ்சு பொரிக்க 21 நாளாகும். இன்று பதினெட்டாம் நாள். அம்மா பஞ்சாரத்தைக் கழுவி முற்றத்தில் வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். மணி அதன் மேல் ஏறிப் படுத்திருக்கிறது.